கட்டம் போட்ட சட்டை மாமன்

"அது வேணாம் டீச்சர்."

"எது வேணாம்? நான் இன்னும் முழுசா பாக்கக்கூட—"

"அதுதான். எடுத்து அடியில சொருவுங்க."

"எதுன்னு பேரச் சொன்னாத்தான எனக்கு—"

"பேரச் சொல்ல மாட்டேன். கட்டம் போட்ட சட்ட மாட்டிக்கினு குந்திக்கினு கீது பாருங்க, அது."

"கரடியா? இந்தக் கரடி புஸ்தகமா—"

"ஐயையோ! மெதுவா பேசுங்க டீச்சர், மெதுவா!"

"கரடின்னு சொல்றதுல மெதுவா என்ன, சத்தமா என்ன? கரடி, கரடி, கர—"

தைலம்மாள் என் வாயைப் பொத்திவிட்டாள். வெங்காயம் உரித்த கை. முன்சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்து, "அக்கா தங்கச்சிங்களா?" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "இல்ல!" என்றோம்.

எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர் மாதம். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. திருக்கோவிலூரில் பிறந்து வளர்ந்தவள், வெள்ளிமலைக்கு அந்தப்புறம் ஒரு சின்ன ஊரில் பால்வாடி டீச்சராகப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. தைலம்மாள் அந்த ஊர்ப் பெண்தான். பால்வாடியில் சமைப்பவள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். எழுத்து தெரியாது. ஆனால் படம் என்று வந்துவிட்டால் அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

கள்ளக்குறிச்சி ஆபீசில் பன்னிரண்டு படப் புத்தகங்களைச் சணல் போட்டுக் கட்டி என் மடியில் வைத்திருந்தார்கள். "ஆறு நீங்க எடுத்துக்கங்க. மீதி ஆற வழியில அடிவாரத்து பால்வாடில குடுத்துடுங்க. எது யாருக்குன்னு நீங்களே பாத்துப் பிரிச்சிக்கங்க. இன்னிக்கே கிளம்பிடுங்க டீச்சர், இட ஒதுக்கீடு கேட்டு மறியல் ஆரம்பிச்சிட்டாங்க, சாயங்காலம் பஸ் ஓடுமோ ஓடாதோ" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஆறு புத்தகத்தைத்தான் நான் மலைபோல நம்பியிருந்தேன். எங்கள் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். நான் கதை சொல்ல வாய் திறந்தால் போதும், பாய் காலி. போன தடவை வந்த சூப்பர்வைசர் ராணியம்மாள் அதைப் பார்த்துவிட்டுப் போனார். பிள்ளைகளை ஒரு மணி நேரமாவது உட்கார வைக்க முடியாத மையத்தை வெள்ளிமலைக்கே மாற்றிவிடலாம் என்று எழுதியும் விட்டார். அடுத்த மாதம் மறுபடி வருவார். மையம் மாறினால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு ஓடை தாண்டி நடக்கவேண்டும். மூன்று வயதும் நாலு வயதும் எங்கே நடக்கும்? சாப்பாடும் போய்விடும், கதையும் போய்விடும்.

"சரி, அது அடியில இருக்கட்டும்" என்று அடுத்த புத்தகத்தை எடுத்தேன். "இது ரயிலு. எவ்ளோ நீளம் பாருங்க, ரெண்டு பக்கம் சேத்துப் போட்டிருக்காங்க."

"ரயிலு பூச்சி மாரியே கீது."

"ரயில் மாதிரி இருக்கறதாலதான் அதுக்கு ரயில் பூச்சின்னு பேரு."

"எங்க புள்ளைங்க பூச்சியத்தான் பாத்திருக்குது. பூச்சி மாரி இருக்கறதால இதுக்கு ரயிலுன்னு பேருன்னு சொல்லும். எடுத்துக்கங்க, நல்லாத்தான் கீது."

"கப்பல்?"

"அதுல ஒரு மூஞ்சியும் இல்லியே. மூஞ்சி இல்லாத புஸ்தகத்த எத்தினி நேரம் பாக்கறது?"

"குடை பிடிச்ச யானை. இதுல மூஞ்சி பெருசா இருக்கு."

"மழ பெய்யுது, யான நனையாம வூட்டுக்குப் போவுது. அவ்ளோதான? யாராவது அத கூப்பிட்டாங்களா, துரத்துனாங்களா, ஒண்ணும் இல்லியே."

"நீங்க படிக்காமயே எப்படிக்கா—"

"படத்துலதான் எல்லாம் கீதே. எழுத்து இன்னாத்துக்கு? ஓரமா எறும்பு மாரி ஊருது."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொல்வது சரியாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. காய்கறிப் புத்தகத்தைக் காட்டினேன். முட்டைக்கோஸைப் பார்த்து, "இந்தப் பூவு எங்க கெடைக்கும்?" என்றாள். கோழியும் குஞ்சுகளும் இருந்த புத்தகத்தை மட்டும் வாங்கித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். குஞ்சுகளை எண்ணிப் பார்த்து, கடைசிப் பக்கத்தில் ஒன்று குறைகிறது என்று கண்டுபிடித்து, பருந்து கொண்டுபோயிருக்கும் என்று தானே ஒரு முடிவுக்கு வந்தாள்.

நான் அடியிலிருந்து கரடிப் புத்தகத்தை மறுபடி உருவினேன்.

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. படம் பெருசு. பின்னாடி உக்காந்திருக்கற பிள்ளைக்கும் தெரியும். பக்கத்துக்கு ரெண்டே வரி. ஒரே வரி திரும்பத் திரும்ப வருது, பிள்ளைங்களும் கூடவே சொல்லலாம். பன்னெண்டுல வாய்விட்டுப் படிக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி இது ஒண்ணுதான் இருக்கு."

"அதுக்குத்தான் வேணாங்கறேன்."

"எதுக்கு?"

"வாய் விட்டுப் படிக்கறீங்கல்ல, அதுக்குத்தான்."

மேலே கேட்பதற்குள் பஸ் குலுங்கி நின்றது. கண்டக்டர் விசில் ஊதிவிட்டு, "இதுக்கு மேல போவாது. எல்லாம் எறங்கிக்கங்க" என்றார்.

ஒரு முழுப் புளியமரம் ரோட்டை அடைத்துப் படுத்திருந்தது. வெட்டி அதிக நேரம் ஆகியிருக்காது, இலை இன்னும் வாடவில்லை. அடிமரத்தின் மேல் பத்துப் பதினைந்து ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிளைப் பக்கம் முழுவதும் பிள்ளைகள். ஊஞ்சலாடுவதும் பிஞ்சுப் புளியைக் கடித்து முகம் சுளிப்பதுமாக அவர்களுக்கு அன்று பெரிய திருவிழா.

"நடந்து போறவங்கள நாங்க நிறுத்தல" என்றார் கோடாரியை மடியில் வைத்திருந்தவர். கருத்த, பெரிய உடம்பு, மார்பு நிறைய முடி. சின்னராசு என்று பெயர். "எங்க போவணும்?"

"மலைக்குங்க. ஜீப்பு அந்தாண்ட வரும்னாங்க."

"நாலு மணிக்குத்தான் வரும். நெழல்ல குந்துங்க. கட்டுல இன்னாம்மா, துணியா?"

"புஸ்தகங்க. பால்வாடிக்கு. ஆறு மலைக்கு, ஆறு அடிவாரத்து—"

"எங்க ஊருக்கா? இதான் அந்த ஊரு. பஸ் இல்லன்னு எங்க டீச்சர் வரல, பால்வாடி பூட்டிக் கெடக்குது. எத்தினி எங்களுக்கு? மறுபடி சொல்லுங்க."

"ஆறு. பன்னெண்டுல ஆறு."

சின்னராசு மரத்தில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"யோவ், கேட்டுக்கினீங்களா? நாம நூத்துக்கு இருபது ஒதுக்கீடு கேட்டு ரோட்டுல குந்திக்கினு கீறோம். டீச்சரு கேக்காமயே அம்பது குடுக்குறாங்க!"

மரமே குலுங்கியது. ஒருவர், "அவங்கள கோட்டைக்கு அனுப்புங்கய்யா!" என்றார்.

மணி ஒன்றுதான் ஆகியிருந்தது. இவ்வளவு பிள்ளைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஓடுவதற்கும் இடமில்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"தைலம்மாக்கா, இங்கயே படிச்சுப் பாத்துடலாம். எது நல்லதுன்னு இந்தப் பிள்ளைங்களே சொல்லட்டும்."

"அதயா?"

"அதத்தான்."

அவள் எழுந்து போய் மரத்தின் வேர்ப் பக்கம், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து இரண்டு காதையும் மூடிக்கொண்டாள்.

கதை இவ்வளவுதான். கட்டம் போட்ட சட்டை போட்ட கரடி ஒன்றுக்கு நடந்து நடந்து கால் வலிக்கிறது. செருப்பு வாங்கக் கிளம்புகிறது. முயல் கடையில் போட்டுப் பார்க்கிறது, குரங்கு கடையில் போட்டுப் பார்க்கிறது, மயில் கடையில் போட்டுப் பார்க்கிறது. எங்கேயும் காலுக்குப் பற்றவில்லை. ஒவ்வொரு கடையிலும் 'போதவில்லையே, போதவில்லையே' என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறது. கடைசியில் யானை கடையில் செருப்புக்குள் கரடியே முழுசாக விழுந்துவிடுகிறது. பிறகு ஓடைக்குப் போய்க் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வலி போய்விடுகிறது.

குரங்கு கடையிலேயே பிள்ளைகள் வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் என்னைத் திருத்திப் பிடித்துக்கொண்டார்கள். நான் "போதவில்லையே" என்றால் அவர்கள் "பத்தலையே! பத்தலையே!" என்றார்கள். மயில் கடை வந்தபோது ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். கரடி யானைச் செருப்புக்குள் விழுந்தபோது ஒரு பிள்ளை கிளையிலிருந்து தானும் விழுந்து காட்டியது.

வெற்றியோடு வேர்ப் பக்கம் போனேன்.

"பாத்தீங்களா? ஒரு பிள்ளைகூட ஓடல."

"இது கீழ்நாட்டுப் புள்ளைங்க. இதுங்களுக்கு இன்னா தெரியும்?"

"நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும் என்ன தெரியுமாம்?"

தைலம்மாள் முந்தானையைக் காதிலிருந்து எடுத்தாள். என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"டீச்சர், தெனம் புள்ளைங்க சாப்ட்டு முடிச்சதும் நீங்க இன்னா பண்றீங்க?"

"சுவத்துல மாட்டியிருக்கற மிருகங்க படத்தக் காட்டிக் கதை சொல்றேன்."

"எந்த மிருகத்துலேர்ந்து?"

"நடுவுல பெருசா இருக்கே, அதுலேர்ந்து."

"அத இன்னா பண்ணச் சொல்றீங்க?"

"பேரச் சொல்லச் சொல்றேன். எல்லாரும் சேந்து சத்தமா. மூணு தடவ."

"மூணு தபா. சத்தமா. காட்ட ஒட்டுன வூட்டுல குந்திக்கினு." அவள் ஒவ்வொன்றாக விரல் மடக்கினாள். "எங்க ஊருல சாமைக் கொல்லைக்கிப் போற பொம்பள அந்தப் பேர எடுக்க மாட்டா. பேரு சொன்னா, யாரோ நம்பளக் கூப்புட்டாங்கன்னு வந்து நிக்கும். எங்க சின்ன மாமனாரு முதுவுல கீற தழும்பப் பாத்திருக்கீங்கல்ல, அது வந்து நின்னதுதான். நீங்க தெனம் மூணு தபா கூப்புடுறீங்க. புள்ளைங்க இன்னா பண்ணும்? அது வர்றதுக்குள்ள வூடு போய்ச் சேந்துடும்."

நாலு மாதம். பிள்ளைகளுக்குக் கதை பிடிக்கவில்லை, என் குரல் பிடிக்கவில்லை, என்னையே பிடிக்கவில்லை என்று நினைத்து ராத்திரியில் அழுதுகூட இருக்கிறேன்.

"ஏங்க்கா, இத என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க படிச்சவங்க. தெரிஞ்சேதான் பண்றீங்கன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சே எதுக்குப் பண்ணுவேன்?"

"சாப்பாடு ஆச்சுன்னா புள்ளைங்கள வூட்டுக்கு அனுப்ப வேணாமா? பெரிய பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிறாங்களே, அந்த மாரி."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதலில் யார் சிரித்தோம் என்று நினைவில்லை. இரண்டு பேரும் வேரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சின்னராசு எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, பஸ்ஸுல சண்ட போட்டுக்கினு வந்தீங்கன்னு சொன்னாங்க?" என்றார்.

"மணி அடிச்சாங்கண்ணா" என்றாள் தைலம்மாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "அப்ப இந்தப் புஸ்தகத்த மலைக்குக் கொண்டு போகவே முடியாதா?"

"படத்துக்கு இன்னா? காட்டுல கீறது சட்ட போட்டுக்கினா திரியுது? பேருதான் ஆவாது."

"பேரே சொல்லாம கதைய எப்படிப் படிக்கறது?"

"நாங்க மட்டும் அதப் பத்திப் பேசாமயா இருக்கறோம்? மாமன்னுவோம். 'மாமன் வந்து பலாப்பழத்தத் தின்னுட்டுப் போயிருக்கறாரு'ம்போம். மருவாதியா சொன்னா ஒண்ணும் பண்ணாது. இங்க குடுங்க."

புத்தகத்தை வாங்கிக்கொண்டு பிள்ளைகள் நடுவே போய் உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு பக்கத்தையும் என் பக்கமாகப் பிடித்துப் படித்து முடித்துவிட்டுத்தான் பிள்ளைகள் பக்கம் திருப்பியிருந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாததால் படம் முழுக்க அவர்கள் பக்கமே இருந்தது. திருப்பிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள். பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்து, முயலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த எலியைக் கண்டுபிடித்து, அதைப் பற்றி இரண்டு பேர் சண்டை போட்டு முடித்த பிறகுதான் பேச ஆரம்பித்தாள்.

"மாமனுக்குக் கால் வலி. எந்நேரமும் நடந்துக்கினே இருந்தா வலிக்காதா? மொயலு கடைக்கி வந்தாரு. 'இன்னாப்பா மொயலு, ஒரு ஜோடி குடு'ன்னாரு. மொயலு இன்னா சொல்லுச்சு? 'காலத் தூக்குங்க மாமா, பாப்போம்'னுச்சு."

செந்தமிழ்ச்செல்வி என்று ஒரு சின்னப் பெண் எழுந்தாள். படத்தைப் பார்த்தாள். மரத்தின் மேல் இருந்த சின்னராசைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"எங்க மாமா மாரியே கீது!"

ஆண்கள் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். சின்னராசு தன் மார்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு இவ்ளோ தொப்ப கெடையாது" என்றார்.

"காலத் தூக்குங்க மாமா, பாப்போம்!" என்றாள் செல்வி.

அவ்வளவு பெரிய மனுஷர் காலைத் தூக்கினார். செல்வி தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அவர் கட்டைவிரலில் மாட்டினாள். மரம் முழுவதும், "பத்தலையே! பத்தலையே!" என்று கத்தியது.

மூன்று மணிக்கு மேல் பிரிப்பதற்கு உட்கார்ந்தோம். பன்னிரண்டு புத்தகத்தையும் அடிமரத்தின் மேல் வரிசையாக வைத்தேன். எது வேண்டுமோ அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள் என்றேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் போய் நின்றார்கள்.

"அது எங்களுக்கு" என்று தைலம்மாள் பதறினாள்.

"பஸ்ஸுல வேணான்னு சொன்னது யாருக்கா?"

"அது பஸ்ஸுல."

பிள்ளைகள் காலையிலிருந்து அப்பன்மாரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். புத்தகத்தை நடுவில் வைத்துச் சுற்றிச் சம்மணம் போட்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். "விட மாட்டோம், விட மாட்டோம்! மாமன விட மாட்டோம்!"

"பேச்சு வார்த்தைக்குத்தான் போவணும்" என்றார் சின்னராசு, நியாயமான முகத்தோடு.

தைலம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்கள் முன்னால் குந்தினாள்.

"மாமன எங்களுக்குக் குடுங்க. ஒங்க ஆறோட இந்த யானையும் சேத்துத் தர்றேன்."

"பத்தலையே!"

"சரி, ரயிலும் எடுத்துக்கங்க."

"பத்தலையே! பத்தலையே!"

"கப்பலு. எவ்ளோ பெரிய கப்பலு பாருங்க." மூஞ்சி இல்லை என்று அவள் தள்ளிய அதே கப்பல்தான்.

"பத்தலையே!"

மரத்தின் மேல் இருந்தவர்கள் தாளம் போட்டார்கள். தைலம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்து நான் தலையை ஆட்டுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"எல்லாத்தியும் வெச்சிக்கங்க. பதினொண்ணும் ஒங்களுக்குத்தான். எங்களுக்கு மாமன் ஒருத்தரு போதும்."

"அக்கா!"

"சும்மா இருங்க டீச்சர். ஒண்ணுன்னாலும் புள்ளைங்க குந்திக் கேக்கற மாரி இருக்கணும்."

பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பதினொன்று என்றால் எவ்வளவு என்று செல்வி மாமாவைக் கேட்டாள். அவர் மரத்திலிருந்து இறங்கி வந்தார். புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கோழிக்குஞ்சுப் புத்தகத்தை எடுத்து எங்கள் பக்கம் வைத்தார். நிலாப் புத்தகத்தையும் சந்தைப் புத்தகத்தையும் அதன்மேல் அடுக்கினார். கடைசியில் பிள்ளைகளின் வட்டத்துக்குள் குனிந்து கட்டம் போட்ட சட்டையை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

"மாமனுக்குப் பதிலா யானையும் ரயிலும் போதும். எங்க பங்கு வேணுன்னு ரோட்டுல குந்திக்கினு கீறோம். இன்னொருத்தர் பங்க முழுசா எடுத்தோம்னா, நாளைக்கி எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?" என்றார். பிறகு செல்வியிடம், "கத ஒனக்குத் தெரியுமில்ல? மாமனும் இங்கியேதான் கீறேன். தெனம் செருப்ப மாட்டிப் பாத்துக்க" என்றார்.

ஜீப்பு மலை ஏறும்போது நான்கு புத்தகங்களும் தைலம்மாள் மடியில் இருந்தன. இரண்டு குறைந்துவிட்டதே என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகச் சுவரிலிருந்த மிருகங்கள் படத்தைச் சுருட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன்.

அடுத்த நாள் சாப்பாடு முடிந்தது. பிள்ளைகள் தட்டைக் கவிழ்த்துவிட்டு, வழக்கம்போல வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, மணி அடிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

"மாமனுக்குக் கால் வலி" என்றேன்.

ஒரு முகம் திரும்பியது. பிறகு இன்னொன்று.

ரோடு திறந்து, பஸ் ஓடி, சூப்பர்வைசர் ராணியம்மாள் மலையேறி வந்தபோது பதினைந்து நாள் ஆகியிருந்தது. சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வந்தார். காலி அறையைப் பார்க்கத்தான் அந்த நேரமாக வந்தார் என்று நினைக்கிறேன். வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை. பாய் முழுவதும் பிள்ளைகள். மயில் கடையில், "பத்தலையே! பத்தலையே!" என்று ஓட்டுக் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. பொட்டுக்கடலை நிறத்துத் தலைமுடியோடு ஒரு பெண் குழந்தை என் மடியில் படுத்தபடியே கத்தியது.

"பரவாயில்லையே மணிமொழி. எல்லாம் உக்காந்திருக்குதுங்களே!" என்றார். உடனே நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். "உக்காந்தா மட்டும் ஆச்சா? என்ன கத்துக்கிட்டாங்கன்னும் பாக்கணுமில்ல." புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, அட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டி, விரலால் தட்டினார். "எங்க, எல்லாரும் சேந்து சத்தமா சொல்லுங்க பாப்போம். இது என்ன மிருகம்?"

பிள்ளைகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள்.

"தெரியாதா? இவ்ளோ நேரம் இதத்தான படிச்சீங்க? இது என்ன?"

சமையல் கட்டு வாசலில் கரண்டியோடு தைலம்மாள்.

"மணிமொழி, ஒரு மிருகத்தோட பேரு கூடவா சொல்லிக் குடுக்கல?"

ஒரே ஒரு சொல். என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் நோட்டில் நல்லபடியாக எழுதுவார். சொன்னால் பாய் காலியாகிவிடும். பின் வரிசையில் இரண்டு பேர் ஏற்கெனவே எழுந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களாவது சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. பேனா நோட்டைத் தொட்டது.

அப்போது என் மடியில் இருந்த சின்னக்கண்ணு எழுந்தாள். நாலு வயது. நேராகப் போய்ச் சூப்பர்வைசரின் சேலை மடிப்பைப் பிடித்து இழுத்தாள். குனியும்வரை விடவில்லை. அவர் குனிந்ததும், இரண்டு கையையும் குவித்து அவர் காதில் வைத்து ஏதோ சொன்னாள். நிறையச் சொன்னாள். நடுவில் ஒரு தடவை ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள்.

ராணியம்மாள் நிமிர்ந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். சாமைக் கொல்லை, அதற்குப் பின்னால் பலா மரங்கள், அதற்குப் பின்னால் காடு. எழுந்து நின்ற இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். பேனாவை மூடினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு பாயில் சின்னக்கண்ணுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூட்டு வலித்திருக்கும், முகம் சுளித்தது. எழுந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

அவர் புத்தகத்தை மடியில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். முயல் கடை, குரங்கு கடை, மயில் கடை, யானை கடை. ஓடைப் பக்கத்தில் நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். பிள்ளைகள் அவர் தோளுக்கு மேலும் கைக்கு அடியிலும் தலையை நுழைத்தார்கள்.

"அது சரி, எந்தக் கடைச் செருப்பும் மாமனுக்குப் பத்தல" என்றார். "அப்ப இவ்ளோ பெரிய ஒடம்புக்கு இந்தச் சட்டைய மட்டும் எந்த டெய்லர் தெச்சுக் குடுத்தாரு?"